குறிப்பேட்டில் ஏறாதவை

ஜனவரி. ஃபிரெஸ்னோவுக்குத் தெற்கே,
நிறுத்திய காரைக் கையால் தடவித் தேடும் அளவுக்கு
மூடுபனி.
பௌத்த ஆலயத்தின் கீழ்த்தளம்,
மடக்கு நாற்காலிகளில் பதினேழு பேர்,
இருமிக்கொண்டே எரியும் ஹீட்டர்.
நான் கொரின் உயேமட்சு, சங்கத்தின் செயலாளர்.
பேசுவது என் வேலை இல்லை,
பேசியதை எழுதுவது.

முதல் பொருள்: கோடை விருந்துக்குக் கோழி.
பதினைந்து நிமிடத்தில் முடிந்தது.
இரண்டாம் பொருள்:
உய்குர் மக்களை அடைத்துவைத்த முகாம்களைக் கண்டித்து
நம் பெயரில் ஓர் அறிக்கை.

டேல் நககிரி எழுந்தார். டயர்க் கடைக்காரர்.
நியாயமான மனிதர், அதுதான் சிக்கல்.
"போன மாதம் மளிகைக் கடை வாசலில்
என் மனைவி முகத்தில் ஒருவன் துப்பினான்.
எந்த நாடு, எந்தக் கடல், அவனுக்கு ஒன்றும் தெரியாது.
கண்ணின் வடிவம் போதும்.
நாம் அந்த நாட்டைக் கண்டித்தால்
முதலில் கைதட்டுவான்.
பிறகு மறுபடி துப்புவான்."

ஹீட்டர் மட்டும் பதில் சொன்னது.
'விவாதம் நடைபெற்றது' என்று எழுதினேன்.

பிறகு சொல்லில் வந்து நின்றது சண்டை.
முகாம் வேண்டாம், 'மையம்' போதும் என்றார் ஒருவர்.
'நிலையம்' இன்னும் மென்மை என்றார் மற்றொருவர்.
பள்ளிப் பேருந்து ஓட்டும் மிட்சுவே ககாவா
உட்கார்ந்தபடியே சொன்னாள்:
"குதிரை லாயத்துக்கு வெள்ளையடித்து
குடியிருப்பு என்றார்கள் நம் ஆட்களிடம்.
சுண்ணாம்புக்கு அடியில் சாணம் அப்படியே இருந்ததாம்.
நான் பார்த்ததில்லை. பார்த்தவர்கள் வாய் திறந்ததும் இல்லை.
எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் 'அப்போது'.
அப்போது விற்ற பியானோ.
அப்போது தொலைந்த நாய்.
நாற்பது வயதில்தான் தெரிந்துகொண்டேன்
'அப்போது' என்பது ஓர் இடம் என்று,
அதைச் சுற்றி முள்கம்பி உண்டு என்று."

பின்வரிசையில் விருந்தாளி ஒருத்தி.
பாத்திகுல், ரொட்டிக் கடையில் வேலை,
முழங்கை வரை மாவின் வெண்மை.
பேசச் சொன்னோம். எழுந்தாள், அமர்ந்தாள்,
மறுபடி எழுந்தாள்.
"தம்பி பெயரைப் போடாதீர்கள்.
அம்மா இன்னும் அங்கேதான்."

அவ்வளவுதான் சொல்ல வந்திருந்தாள்.
டேல்தான் கேட்டார்:
"இரவிலா வந்தார்கள்? கதவை உடைத்தார்களா?"
"இல்லை. போன் செய்து வரச்சொன்னார்கள்.
அவனே நடந்துபோனான்.
டூத்பிரஷ் எடுத்துக்கொண்டான்,
இரண்டு நாள் ஆகும் என்று நினைத்து."

அந்த அறையில் எல்லோருடைய வீட்டிலும்
ஒரு பெட்டி உண்டு,
கையில் தூக்க முடிந்ததை மட்டும் அடைத்த பெட்டி.
ஒருவரும் அதைச் சொல்லவில்லை.
நாற்காலிகள் மட்டும் லேசாகக் கிரீச்சிட்டன.

வாக்கெடுப்பு. ஆதரவு பத்து, எதிர்ப்பு ஆறு,
கழிப்பறையில் ஒருவர்.
பத்தாவது கை என்னுடையது.
பேனாவைக் கீழே வைத்துத்தான் தூக்க வேண்டியிருந்தது.
'முகாம்' என்ற சொல் அப்படியே நின்றது.

டேலின் கை எதிர்ப்பில்தான்.
முடிந்ததும் நாற்காலிகளை மடக்கி அடுக்கினார்.
பாத்திகுலிடம் போய், "இந்தப் பனியில்
உனக்கு வழி தெரியாது, என் பின்னால் வா" என்றார்.
எச்சரிக்கை விளக்குகள் இரண்டும் துடிக்க
பத்து மைல் வேகத்தில் அவர் கார்,
அந்தச் சிவப்பைப் பிடித்துக்கொண்டு அவள் கார்.
அரை நிமிடத்தில் இரண்டையும் காணோம்.

அறிக்கையைத் தூதரகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினோம்.
பெற்றுக்கொண்டதற்கு ஒரு கையெழுத்து வந்தது,
படிக்க முடியாத கோடு.
அதையும் கோப்பில் வைத்தேன்.

அடுத்த கூட்டம் பிப்ரவரி ஒன்பது.
முதல் பொருள்: கோழி.
விலை ஏறிவிட்டது.